ஃப்யூஸ் இருந்த இடத்தில்

எபிநேசர் அண்ணன் இறந்த செய்தி எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. தோசைக்கல்லை அடுப்பில் போட்டுவிட்டு மாவை எடுக்கத் திரும்பினேன், போன் அடித்தது. அவருடைய மனைவி ரூபி அக்கா பேசினார். வேலூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருப்பவர். எத்தனையோ குடும்பங்களுக்கு இப்படிப்பட்ட செய்தியைச் சொல்லிப் பழகியவர். "குணா, அண்ணன் போய்ட்டாரும்மா" என்று மட்டும் சொன்னார். ஆராதனைக்குக் கிளம்பச் சட்டை போட்டவர், பொத்தான் மாட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். பிறகு எழவேயில்லை. பக்கத்திலேயே நர்ஸ் இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. தோசைக்கல் புகைந்து வீடெல்லாம் நாறிய பிறகுதான் நான் அடுப்பை அணைத்தேன்.

அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அடுத்த போன் வந்தது. நம் சங்கத் தலைவர். "மாலைக்குச் சொல்லிட்டேன், பேனருக்கு ஒரு நல்ல போட்டோ இருந்தா அனுப்பு" என்றார். அடக்கம் முடிந்த மறுநாள் அவரே மறுபடியும் கூப்பிட்டார். கார் வேலைக் கடைக்காரர்கள் சங்கத்தின் சார்பில் நினைவுக் கூட்டம் நடத்தப்போவதாகவும், அவர் கடையிலேயே வேலை செய்தவள் என்பதால் நான்தான் எழுதி வாசிக்க வேண்டும் என்றும் சொன்னார். "ரெண்டு பக்கம் போதும்மா. பெருந்தன்மை, விட்டுக்கொடுக்கற குணம், அதெல்லாம் வர்ற மாதிரி எழுது" என்றார்.

எழுதிவிட்டேன். இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை. பெருந்தன்மையைப் பற்றியும் இதில் இருக்கிறது, ஆனால் தலைவர் கேட்ட விதத்தில் இல்லை. கேட்கப் பிடிக்காதவர்களுக்கு வெளியே டீ போட்டு வைத்திருக்கிறார்கள், போய்க் குடிக்கலாம்.

அவரைத் தெரியாதவர்களும் இங்கே இருக்கிறீர்கள். ஆம்பூர் சர்வீஸ் ரோட்டில் பஞ்சர் கடைக்கும் பேட்டரிக் கடைக்கும் நடுவில் இருக்கிறதே, அதுதான் அவருடைய கடை. கார்களுக்குப் பாட்டு சிஸ்டம் மாட்டுவது அவர் தொழில். அதிலும் சப்வூஃபர் என்றால் அவருக்கு உயிர். டிக்கியில் ஒரு பெரிய பெட்டி, அதற்குள் அகலமான ஸ்பீக்கர், அதை இயக்க ஒரு ஆம்ப்ளிஃபையர். காரில் உட்கார்ந்தால் மேளம் காதில் கேட்பதற்கு முன்னால் முதுகில் கேட்கும். குடியாத்தத்திலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும், ஜோலார்பேட்டை ரயில்வே குடியிருப்பிலிருந்தும் அவரைத் தேடிக்கொண்டு வருவார்கள்.

நான் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்தோல், தைக்கும் பிரிவில் மிஷினில் இருந்தவள். அந்தப் பிரிவை மூடியபோது வீட்டுக்கு வந்துவிட்டேன். தோல் தைக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று யாரோ சொல்லி அண்ணன் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். மற்ற ஊர்களில் சப்வூஃபர் பெட்டிக்கு மேலே கார்ப்பெட்தான் ஒட்டுவார்கள். அது அவருக்குப் பிடிக்கவில்லை. "ஆம்பூர்ல இருந்துகிட்டு பொட்டிக்குக் கார்ப்பெட் ஒட்டினா ஊருக்கே அசிங்கம்மா. தோல்ல தைக்கணும். உன்னால முடியுமா?" என்று கேட்டார். கம்பெனிகள் கழித்துப் போட்ட தோலை வாங்கி வந்து, தழும்பு தெரியாமல் வெட்டி, நான்கு மூலையிலும் இரட்டைத் தையல் போட்டு முதல் பெட்டியை முடித்தேன். அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னா குணா, இதை டிக்கில வெச்சு மூடறதுக்கு மனசே வரலயே" என்றார். அன்று முதல் அவருடைய எல்லாப் பெட்டிக்கும் சட்டை என்னுடையது. கடைக்கும் அவர் பெயர்தான், பெட்டியின் ஓரத்தில் அதைத் தோலிலேயே அழுத்திப் பதிப்போம். பிற்பாடு அந்தப் பெயர்தான் அவர் உயிரை வாங்கியது.

இறந்தவரைப் பற்றி நல்லதாகவே சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அவர் ஒன்றும் அமைதிப் புறா இல்லை. தன் வேலையைப் பற்றி அவர் அடிக்கிற பெருமையைக் கேட்டால் காது புளிக்கும். வேலூரில் யாராவது நல்ல சிஸ்டம் மாட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அவருடைய சொந்த வேனில் வைத்திருந்த சப்வூஃபர் அதிர்ந்தால் பேட்டரிக் கடை பாய் ஷெல்ஃபைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்பார். "எபி, கம்மி பண்ணுய்யா, டப்பா விழுது" என்று கத்துவார். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலுக்குள் வேனைத் திருப்பிய பிறகுதான் சத்தத்தைக் குறைப்பார், முன்னால் குறைக்க மாட்டார். ஆயர் பலமுறை சொல்லியும் கேட்கவில்லை. நெஞ்சுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே டீயில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக்கொள்வார். ரூபி அக்கா சண்டை போட்டு ஓய்ந்துபோனார்.

வேலையில் மட்டும் அவரிடம் விளையாட்டு கிடையாது. வருகிறவர்கள் எல்லோரும் பெரிய ஸ்பீக்கரைக் காட்டி இதைப் போடுங்கள் என்பார்கள். அவர் ஸ்பீக்கரைப் பார்க்கவே மாட்டார். நேராகப் போய் பானெட்டைத் திறப்பார். "சத்தம் ஸ்பீக்கர்ல இருந்து வரலப்பா, பேட்டரில இருந்து வருது. மொதல்ல அது தாங்குமான்னு பாப்போம்" என்பார். பேட்டரியிலிருந்து டிக்கி வரைக்கும் விரல் தடிமனில் ஒரே வயர் இழுப்பார், நடுவில் ஒட்டுப் போட மாட்டார். எர்த் கொடுக்கும் இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டி, தகரம் பளபளவென்று தெரிந்த பிறகுதான் முடுக்குவார். எல்லாம் முடிந்ததும் காரைச் சுவரைப் பார்க்க நிறுத்தி, ஹெட்லைட்டைப் போட்டு, சத்தத்தைக் கூட்டுவார். தாளத்துக்குத் தாளம் வெளிச்சம் மங்கினால், "லைட்டு டான்ஸ் ஆடுது, வேலை இன்னும் முடியல" என்று மறுபடியும் குனிந்துவிடுவார்.

பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் இருக்க வேண்டும் என்பதில் அவர் ஒரு பிடிவாதக்காரர். பெரிய சிஸ்டத்துக்குப் போடும் ஃப்யூஸ், வீட்டில் இருக்கிற மாதிரி இருக்காது. விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய தகடு, இரண்டு முனையிலும் ஓட்டை. கண்ணாடி மூடி போட்ட ஒரு டப்பிக்குள் இரண்டு நட்டு வைத்து அதை முடுக்குவார்கள். எங்கேயாவது வயர் உரசினாலோ, கரண்ட் ஜாஸ்தி இழுத்தாலோ அந்தத் தகடு உருகி அறுந்துபோகும். பாட்டு நின்றுவிடும், வண்டி தப்பித்துவிடும். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அந்த டப்பியைக் காட்டி அவர் சொல்வதை நான் மனப்பாடமாகச் சொல்வேன். "இது போச்சுன்னா என்னைத் திட்டாதீங்க. இதுக்கு ஒரு கும்பிடு போடுங்க. உங்களுக்குப் பதிலா இது செத்திருக்கு."

இனிமேல் சிவப்புக் காரின் கதை. காரின் சொந்தக்காரர் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர், பல வருஷ சர்வீஸ். இந்தக் கூட்டத்துக்கும் அழைத்திருப்பதாகத் தலைவர் சொன்னார்.

அவர் காருக்கு அண்ணன் ஒரு சப்வூஃபர் மாட்டினார். நானே தைத்த கறுப்புத் தோல் பெட்டி. ஹெட்லைட் ஆடவில்லை, ஃப்யூஸ் போட்டாயிற்று, மனிதர் சிரித்துக்கொண்டே எடுத்துப் போனார். கொஞ்ச நாளில் பாட்டு நின்றுவிட்டது என்று திரும்பி வந்தார். பார்த்தால், சீட்டுக்கு அடியில் இன்னொரு வூஃபரும் இன்னொரு ஆம்ப்ளிஃபையரும் உட்கார்ந்திருக்கின்றன. எங்கேயோ வாங்கி, யாரையோ வைத்து, அண்ணன் போட்ட வயரிலேயே மேலுறையைச் சீவி ஒட்டுப் போட்டிருந்தார்கள். ஃப்யூஸ் அறுந்திருந்தது. தன் வேலையை அது சரியாகச் செய்திருந்தது.

அண்ணன் புது ஃப்யூஸ் போட்டார். அந்த ஒட்டு வயரைக் கழற்றித் தனியாகக் கட்டி வைத்தார். நானும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். "சார், ரெண்டும் வேணும்னா தனி வயர் இழுக்கணும், பேட்டரியும் மாத்தணும். அதுவரைக்கும் சீட்டுக்கடியில இருக்கறதைத் தொடாதீங்க" என்றார். "வீட்ல கல்யாணம் வெச்சிருக்கேன் எபி, அது முடியட்டும். ஊரே திரும்பிப் பாக்கணும்" என்றார் அவர். "ஊரு பாக்கட்டும் சார், வண்டி எரியக் கூடாதுல்ல" என்றார் அண்ணன். இந்த வார்த்தையை அவர் சொல்லும்போது பேட்டரிக் கடை பாயும் கேட்டுக்கொண்டிருந்தார். பாய் இங்கே இருக்கிறார், கேட்டுக்கொள்ளலாம்.

கல்யாணத்தன்று மதியம் குடியாத்தம் ரோட்டில் ஒரு மண்டபத்து வாசலில் அந்தக் கார் எரிந்தது. பாட்டைப் போட்டுவிட்டு எல்லோரும் இறங்கி ஆடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்கு மட்டும் கடவுளுக்கு நன்றி. உள்ளே சீட்டெல்லாம் சாம்பல். டிக்கியிலிருந்து இழுத்துப் போட்ட பெட்டி மட்டும் பாதி எரிந்து தரையில் கிடந்தது. தோலில் பதித்த கடையின் பெயர் கருகாமல் மேலே தெரிந்தது. மண்டபத்தில் இருந்த அத்தனை பேர் போனிலும் அந்தப் படம் ஏறியது. எபிநேசர் வயரிங் பண்ணின வண்டி என்று சாயந்திரத்துக்குள் ஆம்பூர் முழுக்கப் பேச்சு. அவர் சொல்லிக் கழற்றி வைத்த வயரை யார் திரும்ப மாட்டினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் நானும் அண்ணனும் அந்தக் கார் நின்ற ஷெட்டுக்குப் போனோம். தீ உள்ளே சீட்டுப் பக்கம் பிடித்ததால் எஞ்சின் பக்கம் அவ்வளவாக எரியவில்லை. ஃப்யூஸ் டப்பி உருகி இளகியிருந்தது. அண்ணன் அதைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே இருந்தது ஃப்யூஸ் இல்லை. நீலம் பாய்ந்த ஒரு இரும்புப் பட்டை. லேசாக வளைந்து, இரண்டு முனையிலும் ஓட்டையோடு, அளவெடுத்ததுபோல இரண்டு நட்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. அண்ணனுக்கு அது என்னவென்று தெரியவில்லை. எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. "அண்ணே, இது ஷாங்க்" என்றேன்.

ஷூவின் நடுப்பாகம் மடங்காமல் இருக்க அட்டைக்கு நடுவில் வைக்கிற இரும்புப் பட்டைக்குத்தான் ஷாங்க் என்று பெயர். கம்பெனியில் பெட்டி பெட்டியாக இருக்கும். இந்த ஊரில் ஜன்னல் கதவு ஆடினால் ஷாங்க் வைப்பார்கள், கட்டில் கால் ஆடினால் ஷாங்க் வைப்பார்கள், பீரோ கதவுக்கும் அதுதான். வேறு எந்த ஊர்க்காரருக்கும் காரில் ஃப்யூஸுக்குப் பதிலாக இதை வைக்கலாம் என்ற புத்தி வராது. மறுபடி ஃப்யூஸ் போயிருக்கிறது. கல்யாண நாளில் பாட்டு நிற்கக் கூடாது. கையில் இருந்ததை மாட்டி முடுக்கிவிட்டார்கள். சீட்டுக்கடியில் வயர் தகரத்தில் உரசியபோது அறுந்துபோக அங்கே ஒன்றும் இல்லை. இரும்பு அறுந்துபோகாது. வண்டிதான் எரியும்.

ஷெட்காரர் முன்னாலேயே கழற்றி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்து வந்தேன். இதைக் காட்டினால் முடிந்தது என்று நினைத்தேன். நான் ஒரு முட்டாள்.

சங்கம் கூடிப் பேசியது, இதே அறையில், இதே மேசையைச் சுற்றி. நான் பையிலிருந்து ஷாங்க்கை எடுத்து மேசைமேல் வைத்தேன். தலைவர் அதை ஒரு விரலால் ஓரமாகத் தள்ளினார். "உள்ள வைம்மா. பெரியவங்க பேசறோம்ல" என்றார். சூப்பர்வைசர் சார் அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "அது இன்னான்னே எனக்குத் தெரியாதுங்க. இவங்களே வெச்சிட்டு வந்து காட்டலாம்" என்றார்.

ஷூ கம்பெனியில் தலை நரைத்த மனிதர், ஷாங்க் என்றால் என்னவென்று தெரியாது என்கிறார்! அந்த அறையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் வீட்டிலும் யாராவது ஒருவர் கம்பெனிக்குப் போகிறார். மனைவி, மகள், தங்கை, யாராவது. எல்லோருக்கும் அது என்னவென்று தெரியும். ஒருவராவது "இன்னா சார் இது?" என்று கேட்டிருக்க வேண்டாமா? ஒருவர் போனைப் பார்த்தார். ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்தில் அந்த மேசையைக் கவிழ்த்திருப்பேன். இன்றைக்கும் அந்தக் கோபம் ஒரு துளி குறையவில்லை, குறையவும் வேண்டாம்.

சார் போலீசுக்குப் போவேன் என்றார். தலைவர் அண்ணனைத் தனியாக அழைத்துப் போனார். என்ன சொன்னார் என்பதை அண்ணன் பிறகு என்னிடம் சொன்னார். "எபி, நீ பெருந்தன்மையா ஒரு வார்த்தை சொல்லிடு. பெரிய இடத்து ஆளு. ஊரு நாலு நாள்ல மறந்துடும்." இதுதான் அந்த வார்த்தை வந்த இடம். அண்ணன் திரும்பி வந்து, எல்லோருக்கும் முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அத்தனை பெருமை பேசிய மனிதர் தரையைப் பார்த்தார். "தப்பு என் மேலன்னே வெச்சிக்குங்க. மன்னிச்சிடுங்க. பேஜார் வேணாம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

ஊர் மறக்கவில்லை. அவரே மன்னிப்புக் கேட்டாரே, அப்புறம் என்ன என்று பேசியது. மாட்டிய சிஸ்டத்தைக் கழற்றித் தரச் சொல்லி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நான் தைத்த பெட்டிகளிலிருந்து கடையின் பெயரை அவர்களே கத்தியால் சுரண்டி எடுத்திருந்தார்கள். அண்ணன் ஒவ்வொரு காரின் பானெட்டையும் திறந்து, "இந்தாங்க, ஃப்யூஸ் இருக்கு, பாருங்க" என்று காட்டுவார். யாரும் பார்க்கவில்லை. "ஏண்ணே அன்னிக்கு அப்படிச் சொன்னீங்க?" என்று நான் சண்டை போட்டேன். "எல்லாரும் நம்ம ஆளுங்கதான குணா. நான் ஒரு அடி எறங்கினா அவங்களும் எறங்குவாங்கன்னு நெனச்சேன்" என்றார். வேனில் பாட்டுப் போடுவதையே நிறுத்திவிட்டார். ஒரு நாள் பேட்டரிக் கடை பாய் வந்து, "எபி, போடுய்யா, டப்பா விழுந்தா விழட்டும்" என்று கெஞ்சினார். அண்ணன் சிரித்தார், போடவில்லை.

அதற்குப் பிறகு அவர் நெஞ்சு எத்தனை நாள் தாங்கும்? டாக்டர்கள் எழுதிய காரணம் அவர்களுக்கு. என்னுடைய காரணம் எனக்கு.

அடக்கத்தன்று பெட்டியைத் தூக்கும் நேரத்தில் சூப்பர்வைசர் சார் முண்டியடித்து வந்து ஒரு பக்கம் பிடித்தார். அவர் கையை எடுத்து விலக்கியது நான்தான். எல்லோரும் பார்த்தீர்கள். "குணா, இது இடமா?" என்று தலைவர் என் காதில் கேட்டார். அன்றைக்கு இந்த அறையில் நான் பேச வந்தபோதும், உள்ளே வை, பெரியவர்கள் பேசுகிறோம் என்றுதான் சொன்னார். எது இடம் என்று அவர் இன்றாவது சொல்லட்டும்.

பெட்டியை மூடும் முன் இன்னொரு காரியம் செய்யப் பார்த்தேன். அந்த ஷாங்க் என் பையிலேயே இருந்தது. அதை அண்ணனின் சட்டைப் பைக்குள் வைத்து அனுப்பிவிடலாம் என்று குனிந்தேன். மேலே போயாவது காட்டட்டும் என்ற எண்ணம். ரூபி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அதுவரைக்கும் அழாதவர் அப்போதுதான் அழுதார். "அது அவருது இல்ல குணா. அவரோட ஏன் அனுப்பற?" என்றார்.

அவர் சொன்னது நியாயம். அதனால் அதைத் திரும்ப எடுத்து வந்துவிட்டேன். அண்ணனின் போட்டோவுக்கு முன்னால் மேசைமேல் இருக்கிறது. நீங்கள் போட்ட மாலைக்குப் பக்கத்தில்தான், வரும்போதே பார்த்திருப்பீர்கள். தலைவர் இந்த முறை அதை ஓரமாகத் தள்ள வேண்டாம். கூட்டம் முடிந்ததும் அதன் சொந்தக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போகட்டும். அது வரைக்கும் நான் இந்த அறையைவிட்டு வெளியே போகப்போவதில்லை. ரூபி அக்காவும் போகமாட்டார். அது என்னவென்று தெரிந்தவர்கள், எழுந்து அதன் பெயரைச் சொன்னால் போதும். ஒரே ஒரு சொல்தான்.

நாளைக் காலை கடை ஷட்டரை நான் தூக்குவேன். பெட்டி தைப்பேன், ஓரத்தில் அவருடைய பெயரைப் பதிப்பேன். சுரண்டினால் மறுபடியும் பதிப்பேன்.

அண்ணே, போய் வாருங்கள். ஊருக்குப் பதிலாகச் செத்துப்போன உங்களுக்கு ஒரு கும்பிடு. நீங்கள் போட்ட ஃப்யூஸ் சரியாகத்தான் இருந்தது.